‘ஆவன செய்யவும்’ என்று முடித்த கடிதம்

“சார், யே ‘நீட்ஃபுல்’ கா மத்லப் க்யா தா?”

இந்த ‘நீட்ஃபுல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, எதை மனதில் வைத்து எழுதினீர்கள் என்று அந்த இளம் அதிகாரி கேட்டார். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முப்பது வயது இருக்கும். அரியானாப் பக்கத்துப் பையனுக்குரிய அகலமான தோள், அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல். மேஜைக்கடியில் ரூம் ஹீட்டர் எரிந்தது. என் ஒரு முழங்கால் மட்டும் சுட்டது.

அவர் முன்னால் ஒரு கோப்பு திறந்திருந்தது. அதில் என் கடிதம் இருந்தது. நான் எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, குடியிருப்போர் சங்கத்தின் முத்திரையையும் நானே குத்திய கடிதம். கடைசி வரியின் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அட் தி எர்லியஸ்ட்.’

முப்பத்திரண்டு வருஷம் மத்திய அமைச்சகத்தில் வேலை பார்த்தவன் நான். அந்தச் சொற்றொடரைச் சில ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பேன். அதற்கு என்ன பொருள் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. “ரிப்பேர்” என்றேன் கடைசியில்.

“எதை ரிப்பேர், சார்?”

அந்த அறையில் நான் கடைசியாக என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். எங்கள் காலனியில், எங்கள் பிளாக்கில், இரண்டாம் மாடியில் இருந்த செல்வி என்ற பெண் பால்கனியிலிருந்து விழுந்து இறந்துபோனாள். அதற்கான விசாரணை அது. அங்கே நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை அவள் கணவர் தங்கராஜிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவர் இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிக்கிறவர். போன வாரம் ஆபீஸுக்குப் போகிற சார்ட்டர்ட் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடந்த சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டுக் கோவில்பட்டியிலிருந்து போன் பண்ணி அரைமணி நேரம் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் இந்த வாரம் இதை எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கிருந்து வந்தது இந்த வரி?

ஓய்வு பெற்றபின் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. நான் உபயோகித்த ஆங்கிலத்தை எல்லாம் அகராதியில் தேடிப் பார்ப்பது. வண்டியை ஓட்டி முடித்து ஓரங்கட்டியபிறகு அதன் கையேட்டைப் படிக்கிற மாதிரி.

‘நீட்ஃபுல்’ பழைய ஆங்கிலச் சொல். தேவையானது என்று பொருள். ‘டூ த நீட்ஃபுல்’ என்ற பிரயோகம் சில நூற்றாண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்திலேயே சர்வ சாதாரணமாகப் புழங்கியிருக்கிறது. வியாபாரிகளும் குமாஸ்தாக்களும் அதைக் கடிதங்களில் எழுதியிருக்கிறார்கள். காசு என்பதற்கும் கொச்சையாக அங்கே ‘த நீட்ஃபுல்’ என்றுதான் பெயராம். பிறகு அவர்களுக்கு அது பழைய சட்டையாகிவிட்டது, கழற்றிப் போட்டுவிட்டார்கள். நாம் எடுத்து மாட்டிக்கொண்டோம். இன்றைக்கு லண்டனில் ஓர் ஆபீஸில் போய் இப்படி எழுதினால், எழுதியவர் இந்தியர் என்று ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள்.

ஆனால் இதில் வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. தமிழில் ‘ஆவன செய்யவும்’ என்று எழுதுகிறோம். என்ன அழகான தமிழ்! இந்தியில் ‘ஆவஷ்யக் கார்யவாஹி ஹேது’. மூன்று மொழியிலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. எதைச் செய்யவேண்டும், யார் செய்யவேண்டும், எப்போது என்ற மூன்றையும் சொல்லாமல் ஒரு வேலையைச் சொல்லிவிட முடியும் என்று கண்டுபிடித்தவன் பெரிய மூளைக்காரன்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் செக்‌ஷனில் மூன்று நாற்காலிகள் உடைந்திருந்தன. ‘மூன்று நாற்காலிகளை மாற்றித் தரவும்’ என்று டிராஃப்ட் போட்டேன். செக்‌ஷன் ஆபீசர் சிரித்துக்கொண்டே அதை அடித்துவிட்டு, ‘அறையிலுள்ள தளவாடங்கள் தொடர்பாக ஆவன செய்யவும்’ என்கிற மாதிரி மாற்றினார். “மூணுன்னு எழுதி நாளைக்கு நாலாவது உடைஞ்சா? இன்னொரு கடிதமா? பரந்த மனசோட எழுதணும்யா” என்றார். நாற்காலி வரவே இல்லை. ஒரு மேஜை விசிறி வந்தது. நாங்கள் அதை வைத்துக்கொண்டோம்.

இதை நகைச்சுவையாகப் பல கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்லமாட்டேன்.

எங்கள் பிளாக்

காலனியின் பெயர் வேண்டாம். தென்தில்லியில் அரசாங்கம் கட்டிய மஞ்சள் நிறக் குவார்ட்டர்ஸ்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அது இல்லை. இடித்துவிட்டு இருபது மாடிக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு பிளாக்குக்கு ஆறு வீடு. தரைத்தளத்தில் நானும் என் மனைவி வசந்தாவும். இரண்டாம் மாடியில் தங்கராஜ், செல்வி, அவர்கள் மகள் நித்யா.

தங்கராஜ் வேறொரு அமைச்சகத்தில் கிளார்க். கோவில்பட்டிக்காரர். கணக்கில் புலி, ஆங்கிலத்தில் கொஞ்சம் தயங்குவார். செல்வி தில்லிக்கு வந்து பதினைந்து வருஷமாகியும் ‘ஜல்தி’, ‘அச்சா’ தவிர இந்தியை வீட்டுக்குள் விடவில்லை. காய்கறி வண்டிக்காரன்தான் அவளிடம் கோவில்பட்டித் தமிழ் கற்றுக்கொண்டான்.

தமிழ்க் குடும்பங்களுக்கு நான் ஒரு சௌகரியம். யாருக்கு என்ன லெட்டர் வேண்டுமானாலும் என்னிடம் வருவார்கள். பள்ளிக்கூட அட்மிஷன், கேஸ் இணைப்பு, மாமனாருக்கு ஆஸ்பத்திரிக் கார்டு, எதுவானாலும் சரி. சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதிக் கொடுப்பேன். அது எனக்குப் பெருமை. நல்ல ஆங்கிலத்துக்கு ஊரில் மரியாதை இருந்த காலத்தில் வளர்ந்தவன். சங்கச் செயலாளர் பதவியையும் அதனால்தான் என் தலையில் கட்டினார்கள். நானும் மறுக்கவில்லை.

தீபாவளி முடிந்து, புகைமூட்டம் இறங்கத் தொடங்கிய ஒரு நாள் செல்வி கீழே வந்தாள். கையில் ஈரம், துணி காயப்போட்டுவிட்டு அப்படியே வந்திருக்கிறாள்.

“அண்ணாச்சி, எங்க பால்கனில கைப்பிடிக் கம்பி ஆடுது. கைய வச்சா அப்படியே வெளிய போயிட்டு வருது. ஒரு கால் அடியில துருப்பிடிச்சு அந்துட்டு. ஒரு லெட்டர் போட்டுக் குடுங்க.”

நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது முழுக்க உண்மை. சிமெண்டுக்குள் இறங்குகிற இடத்தில் இரும்பு அரிசிப் பொரி மாதிரி உதிர்ந்தது. விரலில் சிவப்பாக ஒட்டிக்கொண்டது. கீழே வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். அதன்பிறகு எழுத உட்கார்ந்தேன்.

ஒரே கடிதத்தில் எல்லாம்

அந்த வாரம் வேறு சில புகார்களும் என்னிடம் இருந்தன. மாடிப்படி பல்பு எரியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. பின்புறச் சாக்கடை அடைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம் எழுதுவது அழகில்லை என்று எனக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கடிதமாக, ‘மேற்படி பிளாக்கில் சில அமைப்புகள் கவனிப்பை வேண்டி நிற்பதையும் அதனால் குடியிருப்போர் அடையும் அசௌகரியத்தையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்’ என்கிற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினேன். நல்ல கடிதம். இன்றைக்கும் அதில் ஒரு கமாவை மாற்ற முடியாது.

செல்வி மேஜையோரம் நின்றுகொண்டிருந்தாள். “பால்கனின்னு எழுதிட்டீங்கல்லா, அண்ணாச்சி?”

“எல்லாம் அதுல அடங்கும்மா.”

“அடங்கட்டும். பால்கனின்னு ஒரு வார்த்தை போட்டுருங்களேன்.”

“அப்படியெல்லாம் ஒண்ணொண்ணா எழுதினா மளிகைச் சிட்டை ஆயிடும்மா. அவங்களுக்கு ரூல் இருக்கு. வந்து பார்த்து என்ன செய்யணுமோ செய்வாங்க. பாரு, கடைசி வரி. இதைப் போட்டா அவங்க செஞ்சே ஆகணும்.”

வாசித்துக் காட்டினேன். ‘டூ த நீட்ஃபுல்.’ அவளுக்கு அது பிடித்துவிட்டது. இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அண்ணாச்சி அந்த வரியைப் போட்டால் ஆபீசரே எழுந்து நிற்பார் என்று வசந்தாவிடம் சொல்லிவிட்டுப் படியேறினாள்.

பராமரிப்பு அலுவலகத்தைக் காலனியில் எல்லோரும் ‘என்கொயரி’ என்றுதான் சொல்வோம். அங்கே போய்க் கடிதத்தைக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிவந்தேன். பதிவேட்டில் ஏற்றி டைரி எண் கொடுத்துவிட்டார்கள். எங்களைப் போன்ற ஆட்களுக்கு டைரி எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம். தங்கராஜ் எங்கிருந்தோ ஒரு சுருள் கட்டுக்கம்பி வாங்கிவந்திருந்தார். பக்கத்தில் கட்டட வேலை நடக்கிற இடமாக இருக்கலாம். “இத வச்சு இழுத்துச் சுவத்துல இருக்க ஆணியோட கட்டிருதேன், அண்ணாச்சி. அவங்க வார வரைக்கும் தாங்கும்லா.”

நான் தடுத்தேன். அன்று பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“கட்டாதீங்க தங்கராஜ். லெட்டர் போயிருக்கு. நீங்க கட்டி வெச்சா, அவங்க வந்து ஆட்டிப் பார்த்துட்டு, நல்லாத்தானே இருக்குன்னு கேஸை குளோஸ் பண்ணிட்டுப் போயிடுவாங்க. அதோட கவர்மெண்ட் பில்டிங். கைவெச்சது யாருன்னு கேட்டா உங்களுக்கு மெமோ வரும்.”

இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறதா? அரசாங்க ஊழியர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். நியாயம்தான் என்பார்கள். தங்கராஜும் அரசாங்க ஊழியர். உடனே புரிந்துகொண்டார். கம்பிச் சுருளைப் பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவைத்தார்.

பல்பு வந்தது

பத்து நாள் இருக்கும். காலை எட்டு மணி. சார்ட்டர்ட் பஸ் பிளாக் முனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் டிபன் பையும் மஃப்ளருமாக ஓடிக்கொண்டிருந்தேன். என்கொயரியின் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், பெயர் ராம்பல், ஏணியோடு படியிறங்கி வந்தார். காகிதத்தை நீட்டினார்.

“பாபுஜி, பல்பு போட்டாச்சு. தஸ்தகத் கர் தீஜியே.”

ஏதோ ஒரு ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். படித்தேனா என்று கேட்டால், எண்ணைப் படித்தேன். அது என் கடிதத்தின் டைரி எண். பத்தே நாளில் ஆள் வந்துவிட்டானே என்று எனக்கு ஒரே சந்தோஷம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஆறு மாசமாக ஒரு குழாய்க்காக அலைந்துகொண்டிருந்தார். “உங்க டிராஃப்டிங் அப்படி, சார்” என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பிறகு ஒரு மாதம் ஓடியது. பனிமூட்டம் இறங்கியது. படிக்கட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் செல்வி கேட்பாள். “பல்பு வந்துட்டு. எங்களுக்கு எப்ப வரும் அண்ணாச்சி? கொஞ்சம் ஜல்தி வரச் சொல்லுங்க.”

“பிராசஸ்ல இருக்கும்மா” என்பேன்.

ரஜாய்

தில்லியில் குளிர்காலத்தில் இரண்டு மூன்று வாரம் சூரியனே தெரியாது. பிறகு ஒருநாள் திடீரென்று வெயில் வரும். அன்றைக்குக் காலனியே வெளியே வந்துவிடும். ஆரஞ்சு உரிப்பார்கள், கடலை கொறிப்பார்கள், உறைந்துபோன தேங்காயெண்ணெயைப் பாட்டிலோடு உருக வைப்பார்கள். பால்கனிகளில் எல்லாம் ரஜாய் தொங்கும். பஞ்சு மெத்தைபோல் கனக்கிற போர்வை. ஈரம் கோத்துக்கொண்டால் இன்னும் கனம்.

அது ஒரு சனிக்கிழமை, நடுப்பகல். நான் புல்வெளியில் மடக்கு நாற்காலி போட்டு முதுகை வெயிலுக்குக் காட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் இரும்பு முனகுகிற சத்தம். பிறகு பொத்தென்று ஒன்று விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். ரஜாய் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். மாந்தளிர்ப் பச்சை, சிவப்புப் பூப்போட்டது. எடுத்து வைப்போம், செல்வி கீழே இறங்கி வரவேண்டாம் என்று எழுந்து போனேன். நாலு அடி நடந்தபிறகுதான் ரஜாய்க்கு அந்தப் பக்கம் ஒரு கை தெரிந்தது.

கைப்பிடிக் கம்பி அவளோடு சேர்ந்தே வந்திருந்தது. பக்கத்தில் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும்போது ஆட்டோவில் அவள் தலை வசந்தாவின் மடியில். நித்யா டியூஷனிலிருந்து நேராக வந்தாள். அவள் இந்தியில் அழுதாள். அம்மாவிடம் தமிழில் மட்டுமே பேசுகிற பெண் அது. மூன்று நாள் கழித்து செல்வி போய்விட்டாள். நினைவு திரும்பவே இல்லை.

நிகம்போத் காட் சுடுகாட்டில் தங்கராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “நீங்க எழுதிக் குடுத்தீங்க, அண்ணாச்சி. அந்தப் பயலுக செய்யல.”

நான் தலையாட்டினேன். அப்போது நானும் அப்படித்தான் நம்பினேன். மூன்று நான்கு வாரம், விசாரணை அறைக்குள் போகிறவரை, என்கொயரிக்காரர்கள்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் இருந்தது.

கோப்பில் இருந்தது

இனி அந்த ஹீட்டர் அறைக்குத் திரும்புகிறேன்.

“எதை ரிப்பேர், சார்?” என்று கேட்ட அதிகாரி கோப்பை என் பக்கம் திருப்பினார். பிறகு பொறுமையாகத் தாளைப் புரட்டினார். என் கடிதம். அதன்மேல் ஜூனியர் இன்ஜினியரின் குறிப்பு: ஆவன செய்யவும். அதற்குக் கீழே சூப்பர்வைசரின் குறிப்பு: ஆவன செய்யவும். அடுத்த தாள் ராம்பல் கொண்டுவந்த சீட்டு. அதில் இந்தியில் எழுதியிருந்தது: படிக்கட்டு விளக்கு மாற்றப்பட்டது, புகார் முடித்துவைக்கப்பட்டது, புகார்தாரர் திருப்தி. கீழே என் கையெழுத்து. எனக்கே பொறாமை வருகிற மாதிரி தெளிவான கையெழுத்து.

அவர்கள் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவர் வந்து பார்த்திருக்கிறார். இருட்டுப் படிக்கட்டுதான் கண்ணில் பட்டது. பல்பு போட்டார். நானும் ஆயிற்று என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பால்கனியைப் பற்றி அந்த அலுவலகத்தில் ஒரு பிராணிக்கும் தெரியாது.

“பால்கனி பற்றி நீங்கள் வாய்மொழியாகவாவது சொன்னீர்களா?” என்று அவர் கேட்டார்.

“சொன்னதாக ஞாபகம்” என்றேன்.

சொல்லவில்லை. ‘ஞாபகம்’ என்ற அந்தப் பொய்தான் நான் கொடுத்த பதில். அந்தப் பையன் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். என் வயதுக்குக் கொடுத்த மரியாதை என்று நினைக்கிறேன்.

அறிக்கை வந்தது. அதிகாரிகள் எவர்மீதும் குறைபாடு நிரூபணமாகவில்லை. சம்பவ இடத்தில் முழுமையாகச் சோதிக்காத ஒப்பந்தத் தொழிலாளியைப் பணியிலிருந்து நீக்கலாம். நகல்: தகவலுக்கும் தேவையான நடவடிக்கைக்கும். ராம்பலை நீக்கினார்கள். என் பெயர் அறிக்கையில் எங்கும் இல்லை. படித்ததும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

வசந்தாவிடம் மட்டும் சொன்னேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள். “ஏங்க, அந்தப் பொண்ணு பக்கத்துலயே நின்னு பால்கனின்னு போடுங்கன்னு சொல்லிச்சே. நான் அடுப்படியிலேருந்து கேட்டேனே.”



கடைசி வரி வேலை செய்தது

நித்யா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்ததும் தங்கராஜ் என் வீட்டுக்கு வந்தார். மதுரைக்கு மாற்றல் கேட்கவேண்டும், அந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்றார். “நீங்கதான் எழுதணும், அண்ணாச்சி. கடைசில அந்த வரியப் போட்டுருங்க. செல்விக்கு அதுமேல அம்புட்டு நம்பிக்கை.”

சாப்பாட்டு மேஜையைத் துடைத்தேன். உட்கார்ந்தேன். தங்கராஜ் பெயரில் எழுதினேன்: ‘என் மனைவி இந்த வீட்டுப் பால்கனியிலிருந்து விழுந்து இறந்துவிட்டாள். எனக்கு மதுரை அலுவலகத்துக்கு, ஜூன் மாதத்துக்குள் மாற்றல் வேண்டும்.’ இரண்டே வாக்கியம். அந்த வரியைப் போடவில்லை. தங்கராஜ் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். நான் கொடுத்த காகிதத்தை யார் படித்தார்கள்?

மே மாதமே உத்தரவு வந்துவிட்டது. மாற்றலுக்காக வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தவர்களை எனக்குத் தெரியும். தங்கராஜ் போன் பண்ணினார். “அந்த வரி வேலை செஞ்சுட்டு, அண்ணாச்சி!”

“ஆமா தங்கராஜ்” என்றேன்.

வீடு காலி செய்த அன்று மேலே போனேன். பெட்டிகள் எல்லாம் இறங்கிவிட்டன. பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் அந்தக் கம்பிச் சுருள் இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுக்கம்பி. ஒரு துளி துரு இல்லை. எடுத்துக்கொண்டு வந்தேன். இப்போது துவாரகாவில் நான் இருக்கிற பிளாட்டில், பரணில், பழைய காலண்டர்களோடு இருக்கிறது. தூக்கிப் போடவும் முடியவில்லை, உபயோகிக்கவும் முடியவில்லை.

போன வாரம் எங்கள் பிளாட்டுகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். ‘லிஃப்டில் சத்தம் வருகிறது, ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்.’ கீழே இருபத்தொரு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போய், செக்யூரிட்டியிடம் சொல்லி லிஃப்டை நிறுத்தினேன். மெக்கானிக் வரும்வரை லிஃப்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மாடி ஏறவேண்டியிருந்தவர்கள் திட்டிக்கொண்டே ஏறினார்கள். கிழத்துக்கு வேறு வேலையில்லை என்று ஒருவர் இந்தியில் சொன்னது காதில் விழுந்தது. திட்டட்டும்.

தங்கராஜுக்கு

நித்யா இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தில்லியில் வளர்ந்த பெண், தமிழ் படிக்க வராது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு கடையில் இதழ் வந்தவுடன் வாங்கி, சாயங்காலம் போனில் அவளுக்கு வாசித்துக் காட்டுவதாகத் தங்கராஜ் சொன்னார். “உங்க எழுத்துல எங்க காலனி அப்படியே வருது, அண்ணாச்சி. அதுல அம்மா எப்ப வருவான்னு நித்யா கேட்டுக்கிட்டே இருக்கா.”

தங்கராஜ், இந்த வாரம் வந்துவிட்டாள். நித்யாவுக்கு வாசிக்குமுன் நீங்கள் ஒருமுறை தனியாகப் படித்துவிடுங்கள். எத்தனையோ வருஷமாக நீங்கள் ராம்பலைச் சபித்துக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம்கூடச் சொன்னீர்கள், அவன் விளங்கமாட்டான் என்று. அந்த மனிதரிடம் ஆவன செய்யச் சொன்னார்கள், எரியாத பல்பு கண்ணில் பட்டது, மாற்றினார். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

அன்றைக்கு எழுதியிருக்கவேண்டிய கடிதத்தை இன்றைக்கு எழுதுகிறேன். இரண்டாம் மாடி, இடப்பக்க வீடு. பால்கனிக் கைப்பிடிக் கம்பியின் ஒரு கால் துருப்பிடித்து அற்றுவிட்டது. சாய்ந்தால் ஆள் விழுந்துவிடும். இன்றே ஆள் அனுப்பிக் கம்பியை மாற்றவும். அதுவரை வீட்டுக்காரர் அதைக் கட்டுக்கம்பியால் கட்டிவைப்பார், அதற்கு நான் பொறுப்பு.

இவ்வளவுதான். எழுத இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

செல்வி மேஜையோரம் நின்று இரண்டு தடவை கேட்டாள். நான் அனுப்பிய கடிதத்தில் பால்கனி என்ற வார்த்தையே இல்லை, தங்கராஜ்.